தபசு மரமும் நிலாக் கடவுளின் பேரமும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஓசூரில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாராம். கேள்வி இதுதான்: "மூன் நைட் தொடரில் எகிப்துக் கடவுள்களை வைத்து சூப்பர் ஹீரோ கதை சொல்லிவிட்டார்கள். நம்மிடம் பாரதம், ராமாயணம், பதினெட்டுப் புராணம் எல்லாம் கிடக்கிறது. அப்படி ஒரு தொடர் நமக்கு ஏன் சரியாக அமையவில்லை? நான் ஒன்று எழுத ஆசைப்படுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?"

தம்பி, நீங்கள் சொன்ன தொடரிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் பாதி வழியில் எங்கள் தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

மூன் நைட் 2022 மார்ச் 30 அன்று டிஸ்னி பிளஸ்ஸில் தொடங்கி மே 4 அன்று முடிந்தது. ஆறே எபிசோடு. லண்டனில் ஒரு அருங்காட்சியகக் கடையில் பொம்மை விற்கும் ஸ்டீவன் கிராண்ட் என்ற பயந்த சுபாவி. அதே உடம்புக்குள் மார்க் ஸ்பெக்டர் என்ற பழைய கூலிப்படைக்காரனும் இருக்கிறான். இரண்டு பேரையும் ஆஸ்கர் ஐசக் ஒருவரே நடித்திருப்பார். மார்க் பாலைவனத்தில் சாகக் கிடக்கும்போது நிலாக் கடவுள் கோன்ஷு வந்து பேரம் பேசுகிறது: உயிரைத் தருகிறேன், இனி நீ என் கையாள்.

சண்டைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், சுமார் ரகம்தான். என்னைப் பிடித்து உட்காரவைத்தது அந்தப் பேரம். மார்க்குக்கு அந்தச் சக்தி வேண்டியிருக்கவில்லை. எப்போது விட்டுத் தொலைப்போம் என்றுதான் இருக்கிறான். கோன்ஷுவோ, நீ போனால் உன் மனைவி லைலா இருக்கிறாளே என்று ஜாடையாகச் சொல்லி மிரட்டுகிறது. நம் பக்கம் கந்துவட்டிக்கு வாங்கியவன் அசலை அடைத்த பிறகும் வாசலில் பைக் சத்தம் கேட்டால் வயிறு கலங்கும் இல்லையா, அந்தக் கலக்கம் அவன் முகத்தில் ஆறு எபிசோடும் இருக்கும்.

இன்னொன்றும் செய்தார்கள், அது கெட்டிக்காரத்தனம். எகிப்தியர் நம்பிக்கையில் செத்தவன் இதயத்தைத் தராசில் ஒரு தட்டிலும், மாஅத் என்னும் தர்ம தேவதையின் இறகை மறு தட்டிலும் வைப்பார்கள். இதயம் கனத்தால் அம்மித் விழுங்கிவிடும். முதலைத் தலை, சிங்கத்தின் முன்னுடம்பு, நீர்யானையின் பின்னுடம்பு கொண்ட பெண் பூதம் அது. தொடர் எழுதியவர்கள் இதில் ஒரே ஒரு சரத்தை மாற்றினார்கள். செத்த பிறகு நடக்கும் தீர்ப்பைச் சாவுக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். இனிமேல் செய்யப்போகிற பாவத்துக்கு இன்றைக்கே தண்டனை. வில்லனுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அவன் பேசும்போது பாதிப் பேருக்கு 'சரிதானே' என்றுகூடத் தோன்றும். ஐந்தாவது எபிசோடில் அதே தராசு ஒரு படகில் வருகிறது. மார்க்கின் இதயமும் ஸ்டீவனின் இதயமும் தட்டில் ஆடிக்கொண்டே இருக்கின்றன, நிலைக்கவில்லை. சின்ன வயதில் மார்க்கின் தம்பி குகையில் மூழ்கிச் செத்ததும், அந்தப் பழியைத் தாய் இவன் தலையில் போட்டு அடித்ததும் ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது. மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற ஊர்ச் சாமிக்கதை நம் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுகிறது.

ஆறில் நாலு எபிசோடை இயக்கிய முகமது தியாப் எகிப்துக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசியில் கெய்ரோ தெருவில் ஒரு சிறுமி லைலாவைப் பார்த்து, நீங்கள் எகிப்து சூப்பர் ஹீரோவா என்று கேட்பாள். அந்த ஊர்க்காரர் கை இல்லாமல் அந்தக் கேள்வி அப்படி ஒலித்திருக்காது என்று நினைக்கிறேன்.

இதே எகிப்தை வைத்து 1975லேயே அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஐசிஸ் என்று ஒரு தொடர் வந்தது. பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஆண்ட்ரியா தாமஸ், அகழாய்வில் ஒரு பழைய பதக்கம் கிடைத்து, 'வல்லமை மிக்க ஐசிஸே' என்று கூப்பிட்டதும் தேவதையாகிவிடுவார். சனிக்கிழமைக் காலையில் பிள்ளைகளுக்காக ஓடியது, 22 எபிசோடு. பெண்ணை நாயகியாக வைத்தார்கள், அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் ஐசிஸின் கதையில் ஒரு துளியும் உள்ளே வரவில்லை, பெயரும் கிரீடமும்தான். எகிப்தியர் சொன்ன ஐசிஸ் யார் தெரியுமா? வயதான சூரியக் கடவுள் ரா வாயிலிருந்து ஒழுகிய எச்சிலை மண்ணோடு பிசைந்து பாம்பு செய்து, அதை அவர் நடக்கும் வழியில் விட்டு, கடி வாங்கித் துடிக்கும்போது 'உங்கள் ரகசியப் பெயரைச் சொன்னால்தான் விஷத்தை இறக்குவேன்' என்று நின்றவள். அவள் சக்தி அப்படி வந்தது. பிள்ளைகள் தொடரில் இதைக் காட்ட முடியாதுதான். இருந்தாலும் இதை விட்டுவிட்டுக் கிரீடத்தை மட்டும் எடுத்தால் மிஞ்சுவது மாறுவேடப் போட்டி.

ஹெர்குலிஸ் தொடரும் அப்படியே. 1995 முதல் 1999 வரை ஓடியது, கெவின் சோர்போ நடித்தார். கிரேக்கக் கதையில் ஹெர்குலிஸ் பித்துப் பிடித்துத் தன் பிள்ளைகளைத் தானே கொன்றவன். அந்தப் பாவம் தீரத்தான் பன்னிரண்டு வேலைகள். தொடரில் அவன் குடும்பத்தைக் கொல்வது ஹீரா என்னும் தேவி. நாயகன் கையில் ரத்தம் இல்லை. நன்றாகச் சிரிக்கிறான், நன்றாக அடிக்கிறான், ஊர் ஊராகப் போகிறான். ஏன் போகிறான் என்பதற்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது.

நான் சொல்லவருவது இதற்குள் பிடிபட்டிருக்கும். பழங்கதையில் சும்மா கிடைத்த சக்தி என்று ஒன்று கிடையாது. யாரிடமோ வாங்கியது, ஏதோ ஒரு நிபந்தனையோடு வாங்கியது. கதை குடியிருப்பது அந்த நிபந்தனையில். தொடர் எடுக்கிறவர்கள் சக்தியை எடுத்துக்கொண்டு நிபந்தனையை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

நம் நாட்டில் அமையவே இல்லை என்று சொன்னீர்கள், அது தப்பு. சக்திமான் இருந்தது. 1997 செப்டம்பர் 13 அன்று தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை ஓடியது. எங்கள் தெருவில் மூன்று வீட்டில்தான் டிவி. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் திண்ணை வரை கூட்டம். ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு சுழன்று சுழன்று தலைசுற்றி விழாத பையன் எங்கள் தெருவில் இல்லை. வில்லன் தம்ராஜ் கில்விஷின் 'அந்தேரா காயம் ரஹே', அதாவது இருளே நிலைக்கட்டும் என்ற வசனத்தைக் கரண்ட் போகும்போதெல்லாம் கத்துவோம். எங்கள் ஊர் மின்சாரத்துக்கு அதைவிடப் பொருத்தமான வசனம் கிடையாது.

சக்திமானாக வந்த முகேஷ் கன்னா, பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தில் பீஷ்மர். கில்விஷாக வந்த சுரேந்திர பால் அதே மகாபாரதத்தில் துரோணர். அந்தத் தொடர் 1988 அக்டோபர் 2 அன்று தொடங்கி 94 எபிசோடு ஓடியது. குருக்ஷேத்திரத்தில் ஒரே பக்கம் நின்ற இரண்டு கிழவர்களை எதிர் எதிராக நிறுத்தித்தான் நம் முதல் பெரிய சூப்பர் ஹீரோ தொடர் பிறந்தது. அந்த வயதில் எனக்கு இது தெரியாது. தெரிந்தபோது இரண்டு நாள் இதையே பேசிக்கொண்டிருந்தேன்.

சக்திமானின் அடித்தளம் நல்ல அடித்தளம். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவன் இல்லை, சிலந்தி கடித்தவன் இல்லை. குண்டலினி யோகத்தாலும் தவத்தாலும் ஏழு சக்கரங்களை எழுப்பி, ஐம்பூதத்தின் வலிமை பெற்றவன். தவம் என்பது நம் கதைகளில் செலுத்த வேண்டிய விலை. ஆனால் அந்த விலையை ஒருமுறை காட்டிவிட்டு, பிறகு நூற்றுக்கணக்கான எபிசோடுக்கு வரவை மட்டும் செலவழித்தார்கள். தவம் கலைந்தால் என்ன ஆகும், எதைச் செய்தால் சக்தி போகும், யாருக்கு அவன் கடன்பட்டவன்? இதெல்லாம் எப்போதாவது தலைகாட்டும், அவ்வளவுதான். கடைசியில் பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கவும் பொய் சொல்லாதிருக்கவும் புத்தி சொல்லிவிட்டுப் போவார். எனக்கு அந்தப் பகுதியும் பிடிக்கும், பொய் சொல்வானேன்.

இப்போது பென்னாகரம் பக்கம் திரும்பலாம்.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 பிப்ரவரி வரை ஒரே மாவட்டம். பிரித்தவர்கள் கூத்தைப் பிரிக்கவில்லை. பங்குனி பிறந்தால் ஏதாவது ஒரு திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் ஆரம்பித்துவிடும். மத்தியானம் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார், ராத்திரி விடிய விடியக் கூத்து. ஊர் வசதிப்படி பத்து நாளோ பதினெட்டு நாளோ. கடைசி நாள் காலையில் களிமண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் தொடையில் பீமன் அடிக்க, பாஞ்சாலி கூந்தல் முடிவாள்.

கூத்தில் ஒரு வேஷம் வருவதைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், கீழே சலங்கை கட்டிய கால். உள்ளேயிருந்து குரல் வரும், மத்தளம் ஏறும், முகவீணை இழுக்கும், திரை ஆடும். கால்மணி நேரம் கழித்துத்தான் முகம். கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டியவை. பார்க்க மலை மாதிரி இருக்கும், தூக்கினால் பஞ்சு. அமெரிக்காவில் சூப்பர்மேன் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தது 1938ல். அகன்ற தோள், பளபளக்கும் உடுப்பு, வந்ததும் 'நான் யார் தெரியுமா' என்று தன்னை அறிவிக்கும் தோரணை எல்லாம் நம் களத்து மேட்டில் அதற்கும் வெகு முன்னாலேயே இருந்தவை.

ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது அர்ச்சுனன் தபசு. வனவாசத்தில் அர்ச்சுனன் சிவனிடம் பாசுபத அஸ்திரம் வாங்கத் தவம் போகும் கதை. இதற்குக் களத்தில் உயரமான ஒரு மரத்தை நடுவார்கள், ஐம்பது அடிக்குக் குறையாது. குறுக்கே படிச்சட்டம், உச்சியில் ஒரு பலகை. அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி ஏற வேண்டும்.

எங்கள் ஊரில் அந்த வேஷம் என் சித்தப்பாவுடையது. தொழிலில் தையற்காரர். காப்புக் கட்டிய நாளிலிருந்து வீட்டுக்கு வர மாட்டார், கோயில் தாழ்வாரத்தில் பாய், ஒருவேளைச் சோறு. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது முதல்முறை விழித்திருந்து பார்த்தேன். பாதி மரம் ஏறும்போதே அவர் குரல் உடைய ஆரம்பித்துவிட்டது. கீழே மத்தளக்காரர் தாளத்தைத் தளர்த்திக் கொடுத்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் அந்த உயரத்துக்கு எட்டவில்லை, கிரீடத்துக் கண்ணாடி மட்டும் விட்டு விட்டு மின்னியது. உச்சிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். பிறகு மடியிலிருந்து எலுமிச்சம்பழம், வில்வம், விபூதி, பூ என்று வீசினார். பிள்ளையில்லாத பெண்கள் கீழே முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றார்கள். ஒரு பழம் விழுந்த இடத்தில் ஒரு அக்கா உட்கார்ந்து அழுதாள், யாரும் அவளைத் தூக்கவில்லை. சித்தப்பா இறங்கி வந்தபோது கால் நடுக்கத்தில் சலங்கை தானாக ஒலித்துக்கொண்டிருந்தது. அவரைப் பெற்ற என் பாட்டி அவர் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். அடுத்த வாரம் உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு என் பள்ளிக்கூட டவுசருக்கு அளவெடுத்தார், 'இடுப்பு ரெண்டு விரக்கடை தளர்த்தி வைக்கிறேன்டா, வளர்ற பையன்' என்று.

சாதாரண ஆள் சக்தி பெறுவதும், அந்தச் சக்தி ஊருக்குப் போய்ச் சேருவதும், அவன் மறுபடி சாதாரண ஆளாவதும் அந்த ஒரு மரத்தில் இருக்கிறது. இதில் பறப்பது என்பது இல்லவே இல்லை. ஏறுவதுதான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதும் அதைத்தான்.

கர்ண மோட்சத்தையும் விடாதீர்கள். கர்ணன் கணக்கைப் பாருங்கள்: பிறவிக் கவசமும் குண்டலமும் இந்திரனுக்குத் தானமாகப் போயிற்று. பதிலுக்குக் கிடைத்த வேல் ஒரே தடவைதான் எறியலாம், அர்ச்சுனனுக்காக வைத்திருந்தது கடோத்கஜனிடம் செலவாகிறது. பரசுராமரிடம் பொய் சொல்லிக் கற்ற வித்தை, வேண்டிய நேரத்தில் மறந்துபோகும் என்ற சாபம். இன்னொரு சாபத்தில் தேர்ச்சக்கரம் மண்ணில் இறங்கும். இத்தனையையும் தெரிந்துகொண்டு களத்துக்குப் போகிறவனை, நம் கூத்தில் மனைவி பொன்னுருவி தடுத்து நிறுத்தி உன் குலம் என்ன என்று கேட்பாள். அத்தனை அம்புக்கும் அசையாத ஆள் அந்தக் கேள்விக்கு அசைவார். உங்கள் ஓசூர் வகுப்பில் திரைக்கதை என்று எதைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ, அதை இந்த ஒரு ராத்திரியில் பார்த்துவிடலாம்.

'அப்படியானால் அர்ச்சுனனையே இன்றைய பெங்களூருக்குக் கொண்டுவந்து எழுதட்டுமா' என்று கேட்பீர்கள். வேண்டாம். ஆயிரம் பேர் அதைத்தான் யோசிக்கிறார்கள். சாமியை நாயகனாக்கினால் சாமியைத் தோற்கவிட முடியாது, தோற்காதவனுக்குக் கதை கிடையாது. சாமியிடம் கடன்பட்ட ஆளை எடுங்கள். அதற்கு நம் மண்ணிலேயே பாரதத்தையும் தாண்டி ஒரு சரக்கு இருக்கிறது.

தருமபுரியிலிருந்து சேலம் சாலையில் அதியமான்கோட்டை. பழைய தகடூர் நாட்டு அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அங்கே கோட்டம் கட்டி, அவ்வையோடு சிலை வைத்திருக்கிறார்கள். நெல்லிக்கனி கதை பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும் என்பீர்கள். புறநானூறு 91ஆம் பாட்டை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மலைப்பிளவில் அரிதாகக் கிடைத்த கனி. தின்றவருக்குச் சாவு தள்ளிப்போகும். அதன் பலனைச் சொல்லாமல், 'ஆதல் நின்னகத்து அடக்கி', உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொடுத்தான் என்கிறார் அவ்வையார். சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார். அதே பாட்டில் அவனை வாழ்த்தும்போது 'நீலமணி மிடற்று ஒருவன் போல' நிலைத்திரு என்கிறார். விஷத்தைத் தொண்டையில் அடக்கியவனும் கனியின் பலனை நெஞ்சில் அடக்கியவனும் ஒரே பாட்டில்! பிறகு தகடூர்மேல் சேரன் படையெடுத்து வந்தான். அதியமான் மார்பில் வேல் பாய்ந்தபோது அவ்வையார் அழுத பாட்டு புறநானூறு 235. அந்த வேல் பாணர்களின் பாத்திரத்தைத் துளைத்து, இரப்பவர் கையையும் துளைத்துப் போயிற்று என்பார். கனியைத் தின்றவர் உயிரோடு இருந்து, கொடுத்தவனுக்கு ஒப்பாரி வைக்கிறார்.

இதில் நிபந்தனை என்ன என்று பாருங்கள். கையில் வைத்திருப்பவன் தின்னக் கூடாது, கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும்போது என்னவென்று சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அது வெறும் நெல்லிக்காய். இந்த மூன்றாவது விதி பாட்டில் இல்லை, நான் நீட்டியது. அம்மித்தின் தீர்ப்பை அவர்கள் முன்னால் இழுத்த மாதிரி.

இதை எங்கே வைப்பது? தொப்பூர் கணவாய். லாரி பிரேக் பிடிக்காமல் வரிசையாக மோதும் அந்த இறக்கத்தில் 108 ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கையில் அந்த நெல்லி. வருஷத்துக்கு ஒரு கனிதான். ஸ்ட்ரெச்சரில் இரண்டு பேர். யாருக்கு என்பதை அவள் தீர்மானிக்க வேண்டும், ஏன் என்று யாரிடமும் சொல்ல முடியாது. பிழைத்தவன் குடும்பம் டாக்டருக்கு மாலை போடும். செத்தவன் மனைவி, வண்டி தாமதமாக வந்தது என்று இவள் சட்டையைப் பிடிப்பாள். நாலாவது எபிசோடில் இவள் அம்மாவுக்கே உடம்பு முடியாமல் போகட்டும். இதற்கு கிராபிக்ஸ் செலவு ஒன்றும் இல்லை, ஒரு ஆம்புலன்ஸும் ஒரு நெல்லிக்காயும் போதும். பறக்கவைத்தீர்களானால் உங்களிடம் இருக்கும் காசுக்குப் பொம்மலாட்டம் மாதிரித்தான் வரும், சொல்லிவிட்டேன்.

வில்லன் பற்றி ஒரு வார்த்தை. கில்விஷ் மாதிரி இருட்டுக்கு ராஜா தேவையில்லை. கனியைப் பற்றி எப்படியோ தெரிந்துகொண்ட, சாகக் கிடக்கும் பிள்ளையைப் பெற்ற ஒரு தகப்பன் போதும். தெரிந்து கேட்கிறவனுக்குக் கொடுத்தால் பலிக்காது என்பதை அவனிடம் எப்படிச் சொல்வாள்?

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களையும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிடுங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு குத்திச் செத்தவன். கல்லில் அம்பு தைத்த உடம்பு இருக்கும், பக்கத்தில் வட்டெழுத்து. உயிரோடு இருந்தவரை இவர்களுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. செத்த பிறகுதான் ஊர் கல் நட்டுக் கும்பிட்டது, காவல் கேட்டது. விலை முதலில், சக்தி பிறகு. வரிசையையே திருப்பிப் போட்ட இந்தச் சூப்பர் ஹீரோக்களை இன்னும் எந்தத் தொடரும் தொடவில்லை என்றுதான் நினைக்கிறேன். உங்கள் இரண்டாவது கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத உட்காருவதற்கு முன் வைகாசியில் ஒரு ராத்திரி எங்கள் பக்கம் கூத்துப் பார்க்க வாருங்கள். கேமரா கொண்டுவரலாம், ஆனால் தபசு மரம் ஏறும்போது பிளாஷ் போடாதீர்கள், ஏறுகிறவருக்குக் கண் கூசினால் கால் வழுக்கும். முன்வரிசையில் பெரியவர்கள் துண்டு போட்டு இடம் பிடித்திருப்பார்கள், அங்கே போட்டி போட வேண்டாம். திரை பிடிக்கிற இரண்டு பேர் நிற்கும் பக்கமாக, கொஞ்சம் பின்னால் உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால் திரைக்கு உள்ளே நிற்கிறவர் வெளியே வருவதற்கு முன் பூமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும், யாரோ நீட்டும் சொம்பில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதும் தெரியும். மூன்று மணிக்கு மேல் குளிர் தட்டும், போர்வை எடுத்து வாருங்கள்.